ஒரே பேரில் ஏழு வரி

மார்ச் 3, திங்கள்
மருந்துக் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குவதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. மணிக்கொரு தடவை கம்ப்யூட்டரில் 'டாப்' என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஓடும் வேலைகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணோடு; அதிகம் தின்பது மேலே. எது எவ்வளவு மெமரி தின்கிறது என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். ஐந்தாவது தாண்டாதவளுக்கு எண் தெரிந்தால் போதாதா? என் வீட்டுக்கும் இப்படி ஒரு பட்டியல் இருந்தால் முதல் வரியே வீட்டுக்காரர்தான்.

மார்ச் 5, புதன்
குளிரைக் காவல் காக்கும் புரோகிராம் தானாக நின்றுவிட்டது. நேற்றும் இப்படித்தான். குளிர் குறைந்தால் மணியடிப்பது அதுதான். உள்ளே அத்தனையும் இன்சுலின்.
மேனேஜர் கத்தினார். "நீங்க அங்க உக்காந்ததுல இருந்துதான் இப்படி. என்ன பண்ணீங்கன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."
நான் என்ன பண்ணேன்? பாத்தேன். என் கண்ணு பட்டா மெஷின் நின்னுச்சு?

மார்ச் 6, வியாழன்
கம்ப்யூட்டர் பார்க்கும் பொண்ணுக்குப் போன் போட்டேன். "மெமரி பத்தலேன்னா மெஷினே எதையாவது நிறுத்திடும்க்கா. யாரு அதிகமா தின்றாங்கன்னு பாருங்க."
பத்து மணிக்குப் பட்டியலில் ஸ்டாக் ரிப்போர்ட், அதாவது சரக்கு இருப்புக் கணக்கு, ஒரே வரி. பத்தே காலுக்கு ஏழு வரி! ஒரே பேர், எண் மட்டும் வேறு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் கம்ப்யூட்டரில் மேனேஜர்: டிக், டிக், டிக். ரிப்போர்ட் வர நேரமானால் பொத்தானைக் குத்திக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு குத்துக்கும் ஒன்று புதிதாக ஓடத் தொடங்குகிறது. லிஃப்ட்டிலும் இதே பழக்கம்தான் மனுஷனுக்கு.
மறுபடி அந்தப் பொண்ணுக்குப் போன். "முதல்ல வந்தத விட்டுட்டு மத்த ஆறையும் நிறுத்துங்கக்கா. 'கில்' அடிச்சு, இடம் விட்டு, எண்."
ஐந்து போனது. ஆறாவதில் கடைசி இலக்கத்தை நாலுக்குப் பதில் ஏழு என்று அடித்துவிட்டேன். அந்த எண் யாருடையது தெரியுமா? காவல் புரோகிராமுடையது. எண்டரை அமுக்கவில்லை — தப்பிச்சேன்டா சாமி. அழித்துவிட்டு, விரலைத் திரையில் வைத்து எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அடித்தேன். ஆறாவதும் போனது.

மார்ச் 7, வெள்ளி
கடிதம் எழுதவில்லை. என் திரைக்கு முன்னால் மேனேஜருக்கு நாற்காலி போட்டேன். அவர் அறைக்கு நான் போனேன். ஒரு தடவை அமுக்கினேன். "எத்தனை வரி சார்?" "ஒண்ணு." இன்னொரு தடவை. "...ரெண்டு." மூன்றாவதில், "அப்ப காவல் நின்னது நான் குத்துனதாலயா?" என்று எழுந்து வந்தார்.

மார்ச் 12, புதன்
ஐந்து நாளாகக் காவல் நிற்கவில்லை. இன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்: "அக்கா, ஒரு தடவை அமுக்கிட்டேன். ஓடுதா?"
"ஓடுது சார். கைய மடியில வைங்க."