சுற்றுப்பலகை மூன்றாம் மாடியில் நிற்கிறது

அன்புள்ள என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆள் வைத்து எழுதவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். நம்பிக்கை வராவிட்டால் எழுத்தைப் பார். ஆயுள் முழுக்கப் பேக்கரியில் மாவு பிசைந்த கை, பேனாவையும் பிசைகிறது. ஞாயிறன்று தொடங்கினேன், இன்று செவ்வாய். இந்தப் பத்தி முடிந்ததும் தேநீர் குடிக்கப் போகிறேன்.

குடித்துவிட்டு வந்தேன். போன விடுமுறைக்கு வந்தபோது, ஜப்பான், இந்தோனேசியா சமூகங்களைப் பற்றிக் கல்லூரி முதலாண்டில் படிப்பதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று சொன்னாயே. ஜப்பானில் அக்கம்பக்கத்துக்கு ஒரு பலகை உண்டு, அதில் அறிவிப்பைச் செருகி வீடு வீடாகக் கொடுப்பார்கள், படித்தவர் முத்திரை வைத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார் என்றாய். நான் அரைகுறையாகக் கேட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா முழுதாகக் கேட்டுவிட்டார். கீழே ஒட்டும் அறிவிப்பை யாரும் பார்ப்பதில்லை என்று அவருக்கு நெடுநாள் ஆத்திரம். நீ கிளம்பிய வாரமே நம் கட்டடத்துக்கும் ஒரு பலகை வந்துவிட்டது.

வந்த பலகையில் கைரேகை வைத்து அடுத்த நொடியே தையல்காரம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கட்டடத்திலேயே சுறுசுறுப்பான ஆள் என்று எனக்குப் பேர். ஒருநாள் காலை உடம்பெல்லாம் சோப்பு, குழாயில் வெறும் காற்று. துண்டோடு வெளியே வந்து, தண்ணீரை நிறுத்தியது எவன் என்று சத்தம் போட்டேன். தொட்டி கழுவும் நாள் என்று பலகையில் எழுதியிருந்ததாம். கீழே என் கைரேகையும் இருந்ததாம். “ரேகை மட்டும் பளிச்சுன்னு விழுந்திருக்குண்ணே” என்றார் தையல்காரம்மா. சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்தார்.

அடுத்த முறை அவர் பலகையை வாங்கவில்லை. “படிச்சுக் காட்டுங்க, அப்பத்தான் வாங்குவேன்” என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பலகை மூன்றாம் மாடியிலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் உதவிக்கு வந்தார்கள். நாலாம் மாடி பெயின்டர் படிக்கட்டில் படிக்கு ஓர் எழுத்தாக எழுதிவிட்டார். ஏறும்போதும் படிக்க வேண்டும், இறங்கும்போதும் படிக்க வேண்டும். கீழ்வீட்டு லாரி டிரைவர் தன் வண்டியின் பின்னால் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வார். தப்பாகப் படித்தால் ஹாரன் அடிப்பார். தெருவுக்கே தெரிந்துபோகும். அந்த வெட்கத்திலேயே பாதி எழுத்து வந்துவிட்டது. நானாகப் படித்துக் காட்டும்வரை ஒருவரும் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

அப்போதுதான் நீ சொன்ன இந்தோனேசியக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒரு வீட்டு வேலைக்குத் தெருவே வந்து கைகொடுக்குமாமே, கோத்தோங் ரோயோங் என்று. சொல்லப் போனால் வாயில் நுழையவில்லை, எழுதினால் வந்துவிடுகிறது. எவ்வளவு அருமையான மனிதர்கள். கண்ணால் காணாதவர்கள் மேல் எனக்கு இத்தனை மரியாதை வந்ததற்கு நீதான் பொறுப்பு. நம் படிக்கட்டில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். சரியா தப்பா என்று உன் பேராசிரியரிடம் கேட்டுச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் போன கடிதம் வந்தபோது எனக்கு இவ்வளவு வேகம் இல்லை, தையல்காரம்மாதான் படித்தார். ஒரு வருடம் இந்தோனேசியாவில் தங்கிப் படிக்க உன்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகவும் எழுதியிருந்தாய். அம்மாவும் இல்லாத வீட்டில் அப்பாவுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லக்கூட ஆளில்லை என்பது காரணம். அந்த வரி வந்ததும் அவர் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார். “காரணத்தைக் காலி பண்ணுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார்.

காலி பண்ணுகிறேன், பார். வெள்ளை டப்பா காலையில், சாப்பிட்ட பிறகு. மஞ்சள் டப்பா இரவில், சாப்பிடும் முன். நேற்று நானே படித்தேன். நீ விடுமுறைக்கு வரும்போது படித்துச் சொல்லிப்போனதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன், ஒன்றைத் தவிர. அது எது என்று சொல்லமாட்டேன். இப்போது சரிசெய்துவிட்டேன். இந்த வாரப் பலகையில் கைரேகை வைக்கவில்லை, என் பேரையே எழுதினேன். கட்டத்துக்குள் அடங்காமல் தையல்காரம்மாவின் இடத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. மிச்ச இடத்தில் அவர் தன் பேரை நெருக்கி எழுதிக்கொண்டார்.

அதனால் போய்வா, மகளே. அந்த மனிதர்களை எனக்காகவும் பார்த்துவிட்டு வா. யாரோ படித்துக் காட்டுவார்கள் என்று இதுவரை ஊருக்குப் பொதுவாகவே எழுதினாய். இனி எனக்கு மட்டும் சொல்ல வேண்டியதையும் எழுதலாம். அழுகை வந்தால் அதையும் எழுது. கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் படிப்பேன்.

எழுத்தைப் பெரிதாகப் போடு. கடிதம் நீளமாக இருக்கட்டும். நான் படிக்கிற வேகத்துக்கு, ஒரு கடிதம் வந்தால் அடுத்தது வரும்வரை தாங்கும்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று தன் கையால் எழுதும்,
உன் அப்பா