திங்கட்கிழமை கதவு ஏன் பூட்டியிருந்தது

ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9-2-1972, புதன்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி அம்சவேணி வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடம் நான் சுகம். அத்தையும் சுகம். அவ்விடம் நீங்கள் சுகமா என்று கேட்கப்போவதில்லை. முந்தாநாள் காலை எட்டரை மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என் இரண்டு கண்ணாலும் உங்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். கொஞ்சம் கறுத்திருக்கிறீர்கள். முன்தலையில் முடி கொட்டிவிட்டது, அதைத் தொப்பி போட்டு மறைத்திருக்கிறீர்கள். வெள்ளைக் கால்சட்டை உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

திடுக்கிட வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போடவும் வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் படித்து முடிக்கிறவரைக்கும் பம்பாயில் கப்பல் கம்பெனிக்காரர்கள் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். இரண்டு நாளாக எனக்குச் சோறும் இறங்கவில்லை, ஓர் இடத்தில் உட்காரவும் முடியவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

திங்கட்கிழமை காலை தறியில் உட்கார்ந்து நாலு விரற்கடைகூட நெய்திருக்க மாட்டேன். எதிர்வீட்டு வடிவாம்பாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் பூ விற்கிறாளே, அங்கிருந்துதான். உன் வீட்டுக்காரரு தொப்பி போட்டுக்கினு நாலு வெள்ளைக்காரங்களோட கோயில் வாசல்ல நிக்கிறாருடி என்று கத்தினாள். உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா என்று முதலில் அவளைத்தான் திட்டினேன். அவள் காமாட்சி மேல் சத்தியம் செய்தாள். நாடா பாவு இழைகளுக்குள்ளே ஓடுகிற ஓட்டத்தில் பாதியில் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். நாடாவைப் பாதியில் விட்டு எழுந்தால் நீங்கள் என்ன கத்துக் கத்துவீர்கள்! அத்தை கூரத்தில் உங்கள் தங்கை இந்திராணி வீட்டுக்குப் போயிருந்தார், இன்னும் திரும்பவில்லை. வீட்டில் வேறு யாருமில்லாததால் கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். அந்தப் பூட்டுதான் என் குடியைக் கெடுத்தது.

கோயில் வாசலில் உங்கள் முதுகைத்தான் முதலில் பார்த்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகும் முதுகை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். கோபுரத்தைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்கத்தான் வந்தேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் நகர்ந்ததும் நானும் நகர்ந்தேன். அப்படியே நாள் முழுக்க நடந்தேன்.

நடையென்றால் நடையா அது! கச்சபேசுவரர், காமாட்சி, வைகுண்டப் பெருமாள் என்று எல்லா வாசலும் ஏறி இறங்கினீர்கள். அப்புறம் வெயில் ஏறுகிற நேரத்தில் சின்ன காஞ்சிபுரத்துக்கு அந்த நாலு பேரையும் நடத்தியே கூட்டிப் போனீர்கள். பாதி வழியில் என் செருப்பு அறுந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு தார் ரோட்டில் தத்தித் தத்தி வந்தேன். அந்த நாலு பேரில் குடை பிடித்த வெள்ளைக்காரக் கிழவி ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிச்சை கேட்டுப் பின்னால் வருகிறேன் என்று நினைத்திருப்பாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தையும் கல் சங்கிலியையும் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். கல் குதிரைக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டியிருந்ததே, வேறு எதைப் பார்ப்பது?

வெள்ளைக்காரர்களை மண்டபத்திலே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். பின்னாலேயே நானும் வந்தேன். தங்கப் பல்லியை ஒருமுறை தொட்டீர்கள். இறங்கி இரண்டடி வந்துவிட்டு, திரும்பப் போய் இன்னொரு முறை தொட்டீர்கள். அர்ச்சகர்கூட உங்களை ஒரு மாதிரி பார்த்தார். அந்த இரண்டாவது தடவை யாருக்காக என்று எனக்குத் தெரிய வேண்டும். நேரில் சொன்னால் போதும்.

மத்தியானம் நீங்கள் குளத்துப் படியில் உட்கார்ந்து கோயில் இட்லியைப் பிட்டுத் தின்றபோது நான் வேன் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்தோணி என்று பெயர். சென்னைத் துறைமுகத்திலிருந்து உங்களையெல்லாம் ஏற்றிவந்த ஆள். நான் யாரென்று சொல்லவில்லை. சும்மா சோடாக்கடைப் பக்கம் நிற்கிறவள் மாதிரி கேட்டேன். அவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. கடலிலேயே பத்து நாள் உட்கார்ந்து கால் மரத்துப்போச்சாம், அதனால் ஊருக்குள்ளே வந்ததும் அந்த வெள்ளைக்காரர்கள் வண்டியிலேயே ஏறமாட்டேன் என்கிறார்களாம். நீங்கள் கப்பலில் துணி வெளுத்துத் தேய்க்கிற வேலை செய்கிறீர்களாம். சொந்த ஊர் காஞ்சிபுரம் என்று தெரிந்ததால் ஊரைச் சுற்றிக் காட்ட அவர்களோடு அனுப்பினார்களாம். ராத்திரியே கப்பல் கிளம்பிவிடும், கொழும்பு, கொச்சி தொட்டுப் பதினெட்டாம் தேதி பம்பாய் போகும், அங்கே இன்னும் மூன்று வருஷத்துக்கு எழுதி வாங்குவார்கள் என்றார்.

அதற்குமேல் அவர் சொன்னதைக் கேளுங்கள். சம்சாரம் இருக்கிறதா என்று அந்தக் கிழவி வேனில் வருகிற வழியிலே உங்களைக் கேட்டாளாம். இருக்குது, இதே ஊர்லதான் இருக்குது என்றீர்களாம். அப்போ வீட்டுக்குப் போகவில்லையா என்றாளாம். கடைசியாப் போய்ப் பார்ப்பேன், கதவு திறந்திருந்தா உள்ளே போவேன், இல்லைன்னா பம்பாய்ல கையெழுத்துப் போட்டுடுவேன் என்றீர்களாம். அந்தோணி இதையெல்லாம் ஏதோ கதை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சோடாவைக் குடித்து முடித்தார். என் இடுப்பிலே சாவி குத்தியது.

அப்போதே வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். கதவைத் திறந்து, கோலம் போட்டு, தறியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏன் ஓடவில்லை தெரியுமா? உங்களைக் கண்ணைவிட்டு விட மனசில்லை. இடையில் மனசு மாறி வண்டி ஏறிவிட்டால் என்ன செய்வது? அதனால் கைலாசநாதர் கோயில்வரைக்கும் பின்னாலேயே வந்தேன். அங்கே அந்தச் சின்னச் சின்ன மாடங்களில் ஒன்றில் நீங்கள் குனிந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். வேர்வையா வேறேதாவதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

அப்புறம் நம் தெருவுக்குள் நுழைந்தீர்கள். குறுக்குச் சந்து வழியாக உங்களுக்கு முன்னாலேயே நான் குழாயடி முனைக்கு வந்துவிட்டேன். இருபது அடி ஓடியிருந்தால் கதவைத் திறந்திருக்கலாம். மாமா, இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. நான் வேண்டுமென்றே நின்றேன். ஆறு வருஷம் நான் நின்றேனே, இவர் ஆறு நிமிஷம் நிற்கட்டும் என்ற வீம்பு. கதவைத் தட்டுவார், பக்கத்து வீட்டில் கேட்பார், கொஞ்சம் தவிக்கட்டும், அப்புறம் ஆடி அசைந்து போகலாம் என்று நினைத்தேன். பாழாய்ப்போன புத்தி.

நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக விட்டீர்கள். ஜன்னலில் காதை வைத்துக் கேட்டீர்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம், நம் வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை. தறி ஓடவில்லையென்றால் ஆளில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நெய்கிறவன் புத்தி எங்கே போகும்? தறி நின்றதற்குக் காரணமே நீங்கள்தான் என்று உங்களுக்கு யார் சொல்வது? பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் உங்களுக்கு? இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்தக் கிழவி உங்கள் தோளைத் தொட்டு என்னவோ கேட்டாள், நீங்கள் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கமாக நடந்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வந்தது. ஓடினேன். முனை திரும்புவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. மாமா, மாமா என்று தெருவே அதிரக் கத்தினேன். தறியிலிருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

ராத்திரி அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் திறக்க வேண்டிய நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை நாளும் இரண்டு பேருமே அதைப் பேசவில்லை.

அந்த மாம்பழ நிறக் கல்யாணச் சேலை. நடுவில் உட்கார்ந்து உடலுக்கு நீங்கள் நாடா ஓட்ட, வலது ஓரத்தில் உட்கார்ந்து அரக்குக் கரைக்கு நான் நாடா ஓட்டினேன். ஒவ்வொரு இழையும் உங்கள் இழையோடு கோத்துக்கொண்டு வரவேண்டும், அதுதானே கோர்வை. பொங்கலுக்குத் திருமுக்கூடலில் என் அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை என்று அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு மகா கோபம். உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு பார்க்காமலே நாடாவை வீசினேன். ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வை விழவில்லை. எனக்கு அப்போதே தெரியும். பிரித்து நெய்யலாம் என்று சொல்ல வாய் வரவில்லை, உங்களோடுதான் பேசுவதில்லையே. மணவறையில் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணப்பெண் உட்கார்ந்ததும் கரை தனியாக, உடல் தனியாகக் கிழிந்து நின்றதாம். அவர்கள் வீட்டார் அபசகுனம் என்று நம் தெருவில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். நமக்குப் பாவு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி எல்லார் முன்னாலும் இது யார் கை என்று கேட்டார். வலது கரை என்றால் அது யார் கை என்று உங்களுக்குத் தெரியாதா? என்னை ஒரே ஒருமுறை பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கைதான் என்று நீங்கள் சொன்னீர்கள். இனி உனக்குப் பாவும் இல்லை, வேலையும் இல்லை என்றார் முதலாளி. மூன்றாம் நாள் விடியற்காலை நீங்கள் வீட்டில் இல்லை.

நீங்கள் போனது அவர் சொன்ன சொல்லுக்காக இல்லை, நான் சொல்லாத சொல்லுக்காக என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் கோர்வைச் சேலை நெய்யவில்லை. ஒரே ஆளாக ஓட்டுகிற சாதாரணக் கரைச் சேலைதான். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமா என்று எத்தனையோ பேர் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

நேற்றுக் காலை முதலாளி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்தச் சேலையில் கோர்வை விட்டது என் கை, என் வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை, அன்றைக்கே சொல்லாதது இன்னொரு தப்பு என்றேன். அவர் ஆறு வருஷம் கழிச்சு வந்து சொல்றியேம்மா என்று மட்டும் கேட்டார். கோர்வைச் சேலைக்குப் பாவு கொடுங்கள் என்றேன். கரைக்கு நாடா ஓட்ட யாரிருக்கா என்றார். என் வீட்டுக்காரர் குமாரவேல் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். கொடுத்துவிட்டார். உடல் மாம்பழ நிறம், கரை அரக்கு. நான்தான் கேட்டு வாங்கினேன்.

அந்தோணி சிகரெட் அட்டையில் எழுதிக்கொடுத்த கப்பல் பெயரைத் தபால்காரர் தணிகாசலத்திடம் காட்டினேன். அவர் பம்பாய் ஆபீசுக்கு இங்கிலீஷில் விலாசம் எழுதித் தருகிறேன், விமானத் தபாலில் போட்டால் உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்கிறார். வாசலில்தான் நிற்கிறார், சீக்கிரம் முடிம்மா என்று பரபரக்கிறார். அத்தைக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீங்கள் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனீர்கள் என்று தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அவர் கூரத்திலிருந்து திரும்புவதற்குள் நீங்கள் வந்துவிட்டால் பிழைத்தேன்.

அந்தப் பூட்டை வடிவாம்பாளிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் நம் கதவுக்குப் பூட்டு கிடையாது. தண்ணீர் பிடிக்கப் போனாலும் திறந்துதான் கிடக்கும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது. ஆறு வருஷமாக நடுவில் உட்கார்ந்து பழகிவிட்டேன், அந்த இடத்தை விடமாட்டேன். வலது ஓரந்தான் உங்களுக்கு. உங்கள் கைக்குக் கோர்வை தப்பினால் தெருவைக் கூட்டிச் சொல்வேன். என் கைக்குத் தப்பினாலும் அப்படியே சொல்வேன்.

எம்பெருமான் ஏகாம்பரநாதரும் காமாட்சித் தாயும் கடலில் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும். வெள்ளிக்கிழமை பாவைத் தறியில் ஏற்றிவிடுவேன். ஒரு ஆளால் இந்தச் சேலையை நெய்ய முடியாது என்று உங்களுக்குத் தெரியும். ஊரறியச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன், மாமா. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

வலது ஓரத்தைத் துடைத்து வைத்துக் காத்திருக்கும்,
அம்சவேணி