மாத்திரை நிறம் மாறிய வாரம்

திங்கள்
புயலில் ஊரெல்லாம் தண்ணீர் நின்றதே, அதற்கு அடுத்த வருஷத்து ஆடி. புழுக்கம். எனக்கு எழுத்துத் தெரியாது. பேசினால் போன் எழுதிக்கொள்கிறது.

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. சனிக்கிழமை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனவன், வேர்த்து, கை நடுங்கி, விழுந்தேன். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டதாம். வீட்டில் சர்க்கரைக்குப் போடும் பழைய வெள்ளை மாத்திரை மீதி. நெல்லித்தோப்பு மெடிக்கலில் இந்த முறை ரோஸ் கலரில் கொடுத்தார்கள். எனக்கு மாத்திரைக்குப் பேர் கிடையாது, நிறம்தான். புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள் என்று இரண்டையும் போட்டேன். இரண்டும் ஒரே மருந்தாம். கம்பெனி வேறு.

மகன் சேவியர் கொதிக்கிறான். கடை மேல் புகார் கொடுப்பானாம்.

செவ்வாய்
தூறல். கடை முதலாளி வந்தார். ஆப்பிள், பிஸ்கட். எல்லாம் விவரமாகச் சொல்லித்தான் கொடுத்தார்களாம், வயசானால் மறதி சகஜமாம். எனக்கா மறதி? சின்ன வயசில் மார்க்கெட்டில் கூலிக்குச் சேர்ந்த முதல் நாள் தூக்கிய மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்கட்டும். வெங்காயம்.

கொடுத்தது கலைச்செல்வி, அங்கே பார்மசிஸ்ட். அன்று கூட்டம். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தங்கமான பெண், அதைச் சொன்னால் வேலை போய்விடும். மறதி என்றே இருக்கட்டுமா? தூக்கமில்லை.

புதன்
கலைச்செல்வி வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தப்பு என்னுது தாத்தா. உங்களுக்குப் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியும். பழச நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கணும்."

நான் மறந்துவிட்டதாகவே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாம். மறைச்சா நாளைக்கு இன்னொருத்தருக்கும் இப்படித்தான் குடுப்போம். முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன்."

பிறகு ரோஸ் அட்டையை என் கையில் வைத்து, இது மட்டும்தான், எப்போது, எத்தனை என்று என் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தாள். வெள்ளையை எடுத்துக்கொண்டு போனாள்.

உடம்பெல்லாம் சிலிர்ப்பு. சர்க்கரை இறங்கியதால் இல்லை.

வியாழன்
வெயில். சேவியர் புகார்ப் பேச்சை விட்டுவிட்டான். கடைக்குப் போனேன். கலைச்செல்வி இருக்கிறாள். முதலாளி அவளுக்கு முகம் கொடுக்கவில்லை, இந்த மாசம் போகட்டும், உன் வேலையை அப்புறம் பார்க்கலாம் என்றாராம். வருகிற ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்கிறாள். பூக்காரம்மா ஒருத்தி, "இன்னா, பள்ளிக்கூடமா நடத்தற?" என்று கேட்டுக்கொண்டே ஒப்பித்தாள்.

என்னிடம் வந்து தப்பை ஒத்துக்கொண்டவர்களை நினைத்துப் பார்த்தேன். அம்மா, யாரோ செய்ததற்கு என்னை அடித்துவிட்டு. மார்க்கெட் மேஸ்திரி கோவிந்தன், என்னைத் திருடன் என்று சொல்லிவிட்டு. என் மனைவி மரியா, எதற்கென்று போனிடம்கூடச் சொல்ல மாட்டேன். மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உயிரோடு இருப்பது கலைச்செல்வி மட்டும்தான்.