வெட்டிப்போட்ட பதினொரு வருசம்

அன்பு மகள் சனூஸாவுக்கு, கிண்ணியாவிலிருந்து வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். என் முழங்காலையும் உம்மாவின் வாயையும் தவிர இந்த வீட்டில் எல்லாம் அல்லாஹ்வின் உதவியால் சுகம். நீயும் மருமகன் முனாஸும் பிள்ளைகளும் மெல்பேர்னில் சுகமாக இருக்க ஐந்து நேரமும் கேட்கிறேன். போனில் கதைத்தால் நான் சத்தம் போடுவேன், உம்மா போனைப் பறித்துவிடுவாள், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தங்கச்சி பஹ்மியா படம் பிடித்து அனுப்புவாள், அனுப்ப முதல் அவளும் வாசிப்பாள், வாசிக்கட்டும்.

முந்தாநாள் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளை ஏசாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். ஏழு மாதமாக வேலை தேடி, கடைசியில் கைக்கு வந்த இடமும் போனதற்குக் காரணம் இந்த வாப்பாதானாமே. போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள், நல்ல மரியாதையான கதை, சனூஸாட வீடா, அவவப் பத்தி ரெண்டு விபரம் கேக்கலாமா என்றாள். நம் ஊரில் பெண்பிள்ளையைப் பற்றி வெளியார் விசாரித்தால் எதற்கு விசாரிப்பார்கள், கலியாணப் பேச்சுக்குத்தானே. உனக்குக் கலியாணமாகி இருபது வருசம் என்று தெரியும், ஆனாலும் வாய் அந்தப் பழக்கத்தில் ஓடிவிட்டது. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறந்தது எழுபத்தொன்பதில், ரெண்டாயிரத்து ரெண்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைதான், இருபத்து மூணு வருசமா சும்மா இருந்த பிள்ளையில்ல, இந்தக் கரையில அவளப்போல கெட்டிக்காரி ஆருமில்ல என்றேன். அவளும் ஓம் ஓம் என்று எழுதிக்கொண்டாள். வைத்தபிறகு உம்மாவிடம் பெருமையடித்துத் தேத்தண்ணியும் குடித்தேன். உன் சுயவிபரக் கோவையில் பன்னிரண்டு வருசம்தான் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் வேலை கொடுக்கிறவர்களுக்காக ஆட்களை விசாரிக்கிறவளாம், ஊர் நம்பர் என்று நீ இதைத்தான் கொடுத்திருந்தாயாம். விபரம் ஒத்துவரவில்லை, நம்ப ஏலாது என்று உனக்கு எழுதினார்களாம். தூ! செய்யாத வேலையைச் செய்தேன் என்பவனைக் கள்ளன் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், செய்த வேலையை மறைத்தவளையும் கள்ளி என்கிறார்களே.

மீதிப் பதினொரு வருசத்தை வெட்டச் சொன்னவன் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்டாம். நாற்பத்தைந்து தாண்டினவர்களின் தாளை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை என்றானாம். எனக்கு அருவருப்பாக இருக்கிறது மகள். ஐந்து தரம் நேர்முகம், அதில் ஒன்றில் ஆளே இல்லையாம், கம்ப்யூட்டர் கேள்வி கேட்க நீ வெறும் திரையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாயாம். மூன்று நாள் இருந்து ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள், சம்பளமும் இல்லை நன்றியும் இல்லை. இங்கே மீன் வாங்க வருகிறவன்கூட மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டும், வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போவான். இவர்கள் என்ன மனிதர்கள்!

உன் மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. நீ வெட்டின பதினொரு வருசம் எது என்று யோசித்துப் பார்த்தாயா? பாலம் இல்லாத காலத்தில் விடியவே படகில் கடந்து துறைமுகத்துக் கப்பல் கந்தோருக்குப் போனாய், சீமெந்துக் கப்பல்களின் பதிவையெல்லாம் தனியாளாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாய். சுனாமிக்குப் பிறகு முகாம் முகாமாகத் திரிந்து காணாமல்போன ஆட்களின் பெயர்களை எழுதி ஏற்றினாய், என் தம்பியின் பெயரையும் நீதான் டைப் அடித்தாய். அதையுமா வெட்டினாய்? சீ, எழுதவே கை கூசுகிறது.

சரி, ஏசினது போதும். இனிமேல் சும்மா வேலை செய்து கொடுக்காதே. திரைக்கு எழுதி எழுதிக் காத்திருக்காமல் உன்னிடம் வேலை பழகினவர்களுக்கு எழுது, இப்போது பெரிய இடங்களில் இருப்பார்கள், கேட்பதில் வெட்கமில்லை. காலையில் வேலைக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு உட்காரு, பகல் சாப்பாட்டை விடாதே, நீ மெலிந்துவிட்டாய் என்று பஹ்மியா சொல்கிறாள். மருமகன் இரவு வேலையும் எடுத்திருக்கிறாராம், நீ இப்போது கேட்டிருக்கிற புது இடமும் கிடைக்காவிட்டால் நீங்கள் இருக்கிற வீட்டை விற்கவேண்டி வருமாம். அவர்கள் வருகிற செவ்வாய்க்கிழமை விசாரிக்கப் போகிறார்களாம், திரும்பவும் இந்த நம்பருக்குத்தான் எடுப்பார்கள்.

அல்லாஹ் உனக்கு ஹலாலான ரிஸ்கையும் பிழைப்பையும் உன் அருமை தெரிந்த முதலாளியையும் தரட்டும், முனாஸுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்த இடத்துக்குக் கொடுத்த தாளில் முழு வருசத்தையும் போட்டிருந்தால் எனக்கு வேலையில்லை, உள்ளதைச் சொல்வேன். வெட்டித்தான் கொடுத்திருக்கிறாய் என்றால் திங்களுக்கு முதல் எழுதி அனுப்பு. முப்பத்தொரு வருசம் துறைமுகத்து இழுவைப் படகில் எஞ்சின் ஓடின நேரத்தை ஒரு நிமிடம்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாதவன் நான், அதற்காக மேலதிகாரியோடு பகைத்துக்கொண்டவன். உன் பிறப்பைப் பதிய மழைக்குள் நனைந்துகொண்டு போனவனும் நான்தான். உனக்கு எத்தனை வயது என்று சொல்லவேண்டும் மகள்? எழுதி அனுப்பு, பாடமாக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
கலீலுர் றஹ்மான்