கொயோட்டிக்கு ஏற்ற துவக்கு

ஒஷாவாவுக்கு வடக்கே, பண்ணையிலிருந்து
12.3.1987

அன்புள்ள அண்ணனுக்கும் மச்சாளுக்கும்,

நான் சுகம். உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கு போன் இருப்பது வோல்ட்டரின் குசினிச் சுவரில். முதலாளி வீட்டார் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று தமிழில் கதைக்க வெட்கமாக இருக்கிறது. அதுதான் எழுதுகிறேன்.

செம்மறிகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. கொயோட்டிகளும் வந்துவிட்டன. நம் நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. நேற்றுக் காலை வேலியோரம் ஒரு குட்டியின் தோலும் காலும்தான் மிச்சம் கிடந்தன. அவற்றைச் சுட வோல்ட்டர் புதுத் துவக்கு வாங்கப் போகிறார். கடைக்காரன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று 222, மற்றது 243. உள்ளே போட்டுச் சுடுகிற ரவையின் பருமனை வைத்துப் பெயராம். எதை எடுப்பது என்று வோல்ட்டருக்கும் தெரியவில்லை. ஊரில் என் அண்ணன் லைசன்ஸ் வைத்துத் துவக்குப் பிடித்தவர், கேட்டுச் சொல்கிறேன் என்று பெருமையடித்துவிட்டேன். யோசித்து எழுதுங்கள்.

அன்புத் தம்பி
கனகசிங்கம்


சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
20.3.1987

அன்புத் தம்பி கனகுவுக்கு,

உன் கடிதத்தை மச்சாள் இரண்டு தரம் வாசித்தாள். "இஞ்ச பாருங்க, எவ்வளவு நீளமா எழுதியிருக்கான்" என்று கண்ணைத் துடைத்தாள்.

நான் வயலில் வைத்திருந்தது பன்றிக்கு வெடி வைக்கிற இரட்டைக் குழல். கிட்ட வந்தால்தான் அது உதவும். கொயோட்டி கிட்ட வராது. ஆகவே வேலைத்தலத்தில் பக்கத்து மெசினில் நிற்கும் வெள்ளையனிடமும் கேட்டேன். அவனுக்குக் குளிர்காலம் முழுக்க இதே வேட்டைதான்.

222 போதும். 243 இன்னும் தூரம் போகும், காற்றுக்கும் அவ்வளவு விலகாது. ஆனால் சத்தமும் உதையும் கூட. சுற்றிவரப் பண்ணைகள் இருக்கிற இடம். வயதுபோன வோல்ட்டரின் தோளையும் நினைக்க வேண்டும். மேலே பூட்டுகிற கண்ணாடி நாலு மடங்கு பெருப்பித்துக் காட்டினால் காணும். அதற்கு மேல் போனால், ஓடுகிற மிருகத்தை அதற்குள் தேடிக்கொண்டே நிற்பார். குழலுக்குக் கீழே மடிக்கிற கால் இரண்டு பூட்டச் சொல்லு, மூச்சு வாங்கினாலும் குறி அசையாது. ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துப் பூட்டுகிற வகைதான் நம்பிக்கை. முக்கியமானது ஒன்று: மிருகத்துக்குப் பின்னால் மண்மேடு தெரியாவிட்டால் சுடவே கூடாது.

மச்சாள் மிளகாய்த்தூள் வறுத்து அனுப்புகிறாள். ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அண்ணன்
மாமாங்கம்


பண்ணை
14.4.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

வருடப் பிறப்பு வாழ்த்துக்கள். தூள் கிடைத்தது. நீங்கள் எழுதியதை வோல்ட்டருக்கு வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். மண்மேட்டுக் கதையைக் கேட்டதும் மேசையில் தட்டி, உன் அண்ணன் விஷயம் தெரிந்தவர் என்றார். 222தான் என்று முடிவாகிவிட்டது.

ஆனால் அவருக்குக் கை நடுங்குகிறது, கண்ணும் மங்கல். சுடப் போவது நான்தான்! பழைய துவக்கால் என்னைப் பழக்கினார். தகர டப்பாவை விழுத்திவிட்டேன். "கென், இனி மந்தை உன் பொறுப்பு" என்றார். இங்கு எனக்குக் கென் என்றுதான் பெயர். அண்ணன், என் பரிமளம் போன பிறகு ஒருவரும் என்னை நம்பி எதையும் தந்ததில்லை.

துவக்கு வாங்கப் பொலிஸ் அனுமதி வேண்டும், விண்ணப்பித்திருக்கிறேன். உங்களிடமும் விசாரிக்க வருவார்களாம். நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
கனகசிங்கம்


சென் ஜேம்ஸ் ரவுண்
2.5.1987

அன்புத் தம்பிக்கு,

நீ சுடப் போகிறாய் என்று நான் நினைக்கவேயில்லை. வோல்ட்டர் சுடுவார் என்றுதான் அவ்வளவும் எழுதினேன். பீற்றர்பரோவில் அவருக்கு ஒரு மகன் இருப்பதாகச் சொன்னாயே, அவன் வந்து சுடட்டும். காவல் நாய் வாங்கலாம். வேலியை உயர்த்தலாம். குட்டி ஈனுகிற ஆடுகளைக் கொட்டகைக்குள் அடைக்கலாம். எத்தனையோ வழி இருக்கிறது.

விண்ணப்பத்தைத் திருப்பி எடு தம்பி. ஏன் என்று கேளாதே. உனக்கே தெரியும்.

அண்ணன்
மாமாங்கம்


பண்ணை
9.6.1987

அண்ணன்,

நேற்றுப் பொலிஸ்காரர் வந்தார். குசினியில் வோல்ட்டரும் மனைவியும் இருக்கும்போதே அனுமதி இல்லை என்றார். காரணம் கேட்டேன். எண்பத்து நாலில் நான் பல்கனியிலிருந்து குதிக்கப் பார்த்தேன் என்று என் அண்ணனே சொன்னாராம்.

வோல்ட்டர் சுவரில் கிடந்த பழைய துவக்கைக் கழற்றிக்கொண்டு போனார். அவருடைய மனைவி என் அறையில் இருந்த தலையிடி மாத்திரைப் போத்தலை எடுத்துவிட்டா. ஒருவரும் என்னைத் துரத்தவில்லை. துரத்தியிருக்கலாம். "கென், கேற்றைப் பூட்டு" என்று முற்றம் அதிரக் கத்துகிற மனிதர், இப்போது ஆஸ்பத்திரியில் கதைப்பதுபோல மெதுவாகக் கதைக்கிறார். கொட்டகைக்குள் கொஞ்சம் சுணங்கினால் பின்னால் வந்து எட்டிப் பார்க்கிறார்.

கொயோட்டி சுட அடுத்த பண்ணைக்காரன் வருகிறான். அவனுக்கு வோல்ட்டர் வாங்கிக் கொடுத்தது 222. நாலு மடங்குக் கண்ணாடி, மடிக்கிற கால், எல்லாம் உங்கள் சொற்படியே. நான் அவனுக்கு ரவைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுகூடப் போக முடியாது.

ஒரு பொய் சொல்ல உங்களால் முடியவில்லையா?

கனகசிங்கம்


சென் ஜேம்ஸ் ரவுண்
25.6.1987

அன்புத் தம்பி கனகுவுக்கு,

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நடந்ததை எழுதுகிறேன்.

பொலிஸ்காரர் நம் சோபாவில் இருந்துகொண்டு, உன் தம்பி எப்போதாவது தன்னை மாய்க்க நினைத்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தேத்தண்ணித் தட்டோடு நின்ற உன் மச்சாள் புஸ்பராணி, "உண்மையச் சொல்லுங்க. அங்க அவனப் பிடிக்க நான் இல்ல" என்றாள். கம்பிக்கு வெளியே போன உன் காலை அன்று கட்டிப் பிடித்தவள் அவள்தானே. இன்றைக்கும் அவளுக்கு அந்தத் தோள் நோகிறது. நான் சொல்லிவிட்டேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் உன் மனைவி பரிமளத்தைக் கொழும்பில் பறிகொடுத்துவிட்டு நீ இங்கு வந்த கோலத்தை நான் கண்டவன். உனக்குச் சுகமாகிவிட்டது என்று நீ சொல்கிறாய். எனக்கு அது எப்படித் தெரியும்? பொலிஸ்காரர் திரும்ப வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

வராதே, கதைக்காதே. மாதம் ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் எழுதிப் போடு. மச்சாளுக்காக.

உன் அண்ணன்
மாமாங்கம்


சென் ஜேம்ஸ் ரவுண்
4.10.1987

தம்பி,

பதில் இல்லை. போன் எடுத்தேன், வோல்ட்டரின் மனைவி நீ வயலில் நிற்பதாகச் சொன்னா. போனுக்குள்ளே பின்னால் உன் செருமல் எனக்குக் கேட்டது. தீபாவளிக்கு வா. மச்சாள் உனக்கு உடுக்கப் புதுச் சாரம் வாங்கி வைத்திருக்கிறாள்.

மாமாங்கம்


8.11.1987

திரு. மாமாங்கம் அவர்களுக்கு,

வோல்ட்டர் மந்தையை விற்றுவிட்டார். என்னை நம்பித்தான் இன்னும் சில வருடம் வைத்திருக்க நினைத்தாராம். நான் புறப்படும்போது என் இரண்டு கையையும் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். எனக்கு ஒரு நோயும் இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. யார் நம்புவார்கள்?

மேற்கே வேலை கிடைத்திருக்கிறது. ஊரை எழுதமாட்டேன். அங்கே எனக்கு அண்ணன் என்று ஒருவர் இல்லை எனச் சொல்லியிருக்கிறேன். விசாரிக்க ஆள் இருந்தால்தானே விசாரிப்பார்கள்.

மச்சாள் அன்று என்னைப் பிடித்ததற்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. பண்ணைக்கு வந்த முதல் வருடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது மனம் வரவில்லை.

நீங்கள் கேட்ட வரி: உயிரோடு இருக்கிறேன். அடுத்த மாதம் இந்த வரி வராது. அதற்கு அடுத்த மாதமும் வராது. நான் இருக்கிறேனா இல்லையா என்பதை, பொலிஸ்காரருக்குச் சொன்னதுபோல, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சீனித்தம்பி கனகசிங்கம்