ஜெல்லுக்கு அடியில் பிளாஸ்டிக்

மார்ச் 4, செவ்வாய்

இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன். செல்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. என்னைத் தவிர என்று எழுத வந்தேன் — நாடகம். வேண்டாம்.

நடந்தது இதுதான். லேபில் எனக்கு மூத்தவர், நான் மனதுக்குள் வழவழ என்று கூப்பிடுகிறவர், இன்று கருத்தரங்கில் என் படங்களைக் காட்டினார். மார்பகச் செல்களை வெறும் தட்டில் வளர்த்தால் தரைவிரிப்பு போலப் படர்ந்துவிடும். மென்மையான ஜெல்லுக்குள் வளர்த்தால் உடம்புக்குள் இருப்பதாக நம்பி, நடுவில் வெற்றிடம் விட்டு உருண்டைகளாகத் திரளும். புற்றுநோய் தொடங்கும்போது அந்த வெற்றிடம்தான் நிரம்புகிறது, வெளிச்சுவர் உடைவதற்கு வெகு முன்பே. அதைப் படம்பிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அவருக்கு ஒரு பென்டிரைவ்.

கடைசியில், "லேப்ல ஒரு பொண்ணு ஹெல்ப் பண்ணுச்சு" என்றார். ஒரு பொண்ணு. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்த ஒரு பொண்ணும் கைதட்டியது.

லேப் தலைவியான பேராசிரியையிடம் போனேன். "டீம்னா அப்படித்தாம்மா. இதைப் போய் பெருசு பண்ணிக்கிட்டு" என்றார்.

மார்ச் 5

பழி. வாயில் போட்டு மென்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9

அம்மா போனில். பொறுத்தார் பூமியாள்வார் என்றாள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம்மா, ஜன்னலோர மேசை ஒன்று போதும் என்றேன்.

"விடுடி, அவன் நல்லா இருக்க மாட்டான்."

"நீ சாபம் விட்டா பலிக்குமா?"

"உங்கப்பாவுக்குப் பலிச்சுதே."

அப்பா பக்கத்திலிருந்து இருமும் சத்தம் கேட்டது.

மார்ச் 18

பழிக்கு வழி கிடைத்துவிட்டது.

இப்போது அவரே உருண்டை வளர்க்கிறார். நான் செய்யும்போது பின்னால் நின்று பார்த்து, கடினம் என்று அவருக்குத் தோன்றிய பகுதியை மட்டும் கற்றுக்கொண்டவர். ஜெல் ஊற்றுவது அவருக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. விலை அதிகம் என்று தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல மெல்லிசாகத் தடவுகிறார். செல்களுக்குக் கண் கிடையாது, ஆனால் தொட்டுத் தெரிந்துகொள்ளும். மெல்லிய ஜெல்லுக்கு அடியில் இருக்கும் தட்டின் கெட்டிப் பிளாஸ்டிக் அவற்றுக்குப் புரிந்துவிடுகிறது. நல்ல செல்கூட நோய் வந்ததுபோல நிரம்பி, தாறுமாறாகிவிடும்.

அவர் திரையில் காட்டிப் பூரிப்பது புற்றுநோய் அல்ல. பிளாஸ்டிக்.

சொல்லலாம். ஒரு நிமிட வேலை. ஏன் சொல்லணும்? எனக்கு இது தெரிய வந்தபோது என்னுடைய ஆறு மாதத் தட்டுகள் குப்பைக்குப் போயின. எனக்கு யார் சொன்னார்கள்?

ஏப்ரல் 2

மே மாதம் வெளியிலிருந்து நிபுணர் குழு வருகிறது. வழவழதான் பேசப்போகிறார். கடைசி வரிசையில் எழுந்து நின்று, மிக மரியாதையாக, ஜெல்லைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். 'சார்' சேர்த்தால் இன்னும் ஆழமாக இறங்குகிறது.

ஏப்ரல் 10

எங்களுக்குத் திசு அனுப்பும் அறுவை மருத்துவர் இன்று தானே ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். வழக்கமாகப் புற்றுநோயை இவ்வளவு ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்தால், எடுக்கிற துணுக்கு முழுவதும் நோயறிதலுக்கே போய்விடும். எங்களுக்கு மிஞ்சாது. இந்த முறை மிஞ்சியிருக்கிறது. நோயுள்ள திசு ஒரு துளி, அதே பெண்ணின் நல்ல திசு ஒரு துளி. தையல் வேலை செய்கிறவராம். கையெழுத்துப் போடும்போது, "எனக்குத்தான் வந்துருச்சு, யாருக்காவது ஆகட்டும்" என்றாராம்.

பேராசிரியை பெட்டியை வழவழவிடம் கொடுத்தார்.

அவர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெல்லிசாக. அதே மெல்லிசாக.

ஏப்ரல் 11

இரண்டு துளியும் ஒன்றுபோலவே கெடும். குழுவின் முன்னால் நோய்க்கும் நலத்துக்கும் வித்தியாசம் காட்ட முடியாமல் நிற்பார். நான் கேள்விகூடக் கேட்க வேண்டாம். பழம் நழுவிப் பாலில் விழுகிறது.

ஆனால் அந்தத் துளி?

சனியன். அந்தப் பொம்பளை ஏன் அப்படிச் சொல்லித் தொலைச்சாங்க?

சொன்னால் காப்பாற்றிவிடுவார், பெயரும் வாங்கிவிடுவார். சொல்லாவிட்டால் அவர் போவார், துளியும் போகும்.

ஏப்ரல் 12

வழவழ மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் அவருடைய தட்டை எடுத்தேன். இந்த ஜெல் சூட்டில் உறையும், குளிரில் இளகும். ஐஸ் மேல் வைத்து, செல்களை மெல்லப் பிரித்தெடுத்து, என் அளவில், தடிமனாக, புதுத் தட்டில் போட்டேன். மூடியின் மேல் அவர் எழுதியிருந்ததை அப்படியே அவர் கையெழுத்தில் எழுதினேன். என் கையெழுத்தைவிட அழகாக வந்தது, எரிச்சல்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கற்றுக்கொள்வார்.

இது இரக்கமா? இல்லை. துளி அவருடையது இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 27

நல்ல செல்கள் நடுவில் வெற்றிடம் விட்டுத் திரண்டிருக்கின்றன. நோயுற்றவை நிரம்பியிருக்கின்றன, சுவர் உடையாமல். பக்கத்தில் பக்கத்தில். இவ்வளவு தெளிவாக நான் இதுவரை பார்த்ததில்லை.

வழவழ எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "என் கைராசி அப்படி" என்றார்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 6

நிபுணர் குழு. கடைசி வரிசை. கேள்வியை மனதில் வைத்திருந்தேன், 'சார்' உட்பட. ஆனால் இந்தப் படங்கள் சரியான படங்கள். என் கேள்வி செல்லாது. அவரைக் காப்பாற்றியதே நான்தான். என்னையே கிள்ளிக்கொண்டேன்.

அப்போது குழுவிலிருந்த வயதான அம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஜெல் எவ்ளோ தடிமனா ஊத்துறீங்க?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். பாராட்டுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி.

"அடி நனையுற அளவுக்குத்தான் மேடம். சிக்கனத்துல நாங்க கெட்டி."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அப்படி ஊத்தினா நல்ல செல்லே உருண்டையா வராதே, தம்பி. இந்தத் தட்டை ஊத்தினது யாரு?"

பேராசிரியை வழவழவைப் பார்த்தார். வழவழ திரையில் இருந்த படத்தைப் பார்த்தார், முதல்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி.

"நான்" என்றேன். எழுந்து நின்றபோது 'சார்' சொல்ல மறந்துவிட்டேன்.

தட்டை மாற்றியதையும் சொன்னேன். அதற்குத் தனியாகத் திட்டு விழும். விழட்டும்.

மே 7

இனிக்கும் என்று நினைத்தேன். பல் தேய்த்த வாயில் காப்பி குடித்த மாதிரி இருக்கிறது.

மே 20

திட்டு விழுந்தது. அனுமதியில்லாமல் அடுத்தவர் தட்டைத் தொட்டதற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்டேன். வழவழ மெல்லிய ஜெல்லில் எடுத்த பழைய படங்களையெல்லாம் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். பேராசிரியை என்னை உட்காரவைத்து, இனி உருண்டை வேலை முழுக்க நீதான், அவனுக்கும் நீயே சொல்லிக்கொடு என்றார். மார்ச் கருத்தரங்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஒரு வாரமாக வழவழவை வெறும் தண்ணீர் ஊற்றிப் பழகவைக்கிறேன். உண்மையில் இரண்டு நாள் போதும். பழியில் இது சில்லறை ரகம்.

ஜூன் 14

தையல்காரம்மா வந்தார். தன்னுடையதைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரைத் துளைத்தெடுத்திருக்கிறார். சிகிச்சை முடிந்து தேறிவிட்டார், கொஞ்சம் மெலிந்திருக்கிறார். வழவழ நாற்காலி கொண்டுவந்து போட்டார். நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னேன். வெகு நேரம் எடுக்கவே இல்லை.

"இத்தனூண்டுக்கா நான் அவ்வளவு பயந்தேன்?"

பிறகு, இதை யார் வளர்த்தது என்று கேட்டார். இன்னும் வசதியாகப் பார்க்கட்டும் என்று நான் குனிந்து நாற்காலியின் உயரத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். கிரீச்சென்ற சத்தத்துக்கு நடுவே பின்னாலிருந்து வழவழ சொன்னார்:

"இவங்கதாம்மா. நான் வளத்திருந்தா அன்னிக்கே வீணாப் போயிருக்கும்."

மார்ச்சிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. பாதிதான் காதில் விழுந்தது.

இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தபடி, தையல்காரம்மாவுக்கு அடுத்த தட்டை எடுத்து வைத்தேன்.