பெற்றிசியா எழுதிய அறிவித்தல்

2025 யூன் 2, திங்கள்
இணையப் பாதுகாப்பு பற்றிய அரசாங்க வழிகாட்டல் நான் வேலை செய்கிற கந்தோருக்கு வந்தது. போனுக்கு வருகிற இலக்கத்தை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதுதான் அதில் முதல் வரி. சனங்களுக்கு விளங்குகிற மாதிரி எழுதி எங்கள் இணையப் பக்கத்தில் போடவேண்டும். ஒன்பது வருசமாக அறிவித்தல் எல்லாம் நான்தான். எழுத்தைச் சுற்றிக் கரையில் பூ வைத்து, படமாக்கிப் போட்டேன். "வடிவா இருக்கு துசாந்தினி," என்றார் கந்தோர்ப் பொறுப்பாளர் சேர்.

யூன் 4, புதன்
பெற்றிசியா வேலைக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. கூட்டத்தில் எழும்பிச் சொல்கிறாள்: "அக்கா போட்டது படம். கண் தெரியாத ஆக்களுக்கு எழுத்தை வாசிச்சுச் சொல்லுற போன் படத்தை வாசிக்காது. எல்லாருக்கும் எட்டவேணும் எண்டு வழிகாட்டலிலயே இருக்கு."
கண் தெரியாத மனுசனோடு குடும்பம் நடத்துகிற எனக்கு அவள் பாடம் எடுக்கிறாள். பின்னேரமே வெறும் எழுத்தாக எழுதி எனக்கு அனுப்பியும் விட்டாள். சேர் அதைப் போடச் சொன்னார். நாளைக்குப் போடுறன் என்றேன்.

யூன் 5
போடவில்லை.

யூன் 8, ஞாயிறு
இவருக்கு, என் மனுசனுக்கு, போனை வாசிக்கவைக்கப் பழக்கியதும் அவள்தான். தை மாதம் கந்தோரில் வகுப்பு வைத்தாள், நானே கூட்டிக்கொண்டு போனேன் - என்ன விசரி நான். அதற்கு முதல் மருந்துச் சீட்டு, கடிதம், போனில் இவரின் குழுவில் வருகிற செய்தி, எல்லாம் நான் வாசித்தால்தான். பக்கத்தில் வந்து இருந்து கேட்பார். இப்போது காதில் வயர். சோறு போடும்போதும், "பெற்றிசியா சொன்னவ, ரெண்டு தரம் தட்டவேணுமாம்."
எனக்குப் பொறாமைதான். தலைமன்னாரிலிருந்து பஸ் ஏறி வந்து என் புருசனின் காதுக்குள் குடியிருக்கிறாள்.

யூன் 11
"அக்கா, போட்டாச்சோ?" என்று கேட்டாள். நெற் இழுக்குது என்றேன். பொய். இரண்டு நிமிச வேலை.

யூன் 14, சனி
மத்தியானம் யாரோ இவருக்குப் போன் எடுத்திருக்கிறான். குழுவைப் பதியவேண்டும், போனுக்கு வருகிற ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று. சொல்லிவிட்டார். இவரின் செய்திக் கணக்கு அவன் கைக்குப் போய்விட்டது. மடு, முசலி, அடம்பன் என்று பல ஊர்களிலும் நாற்பத்தொரு பேர், எல்லாரும் இவரைப் போலக் கண் தெரியாதவர்கள், இவர் ஒவ்வொருவராகச் சேர்த்த குழு. இப்போது இவர் பெயரில் அவன் அவர்களிடமும் ஆறு இலக்கம் கேட்கிறானாம்.
கதிரையை விட்டு எழும்பாமல் சொன்னார்: "எனக்குச் சந்தேகம் வந்தது துசா. அவனிட்டக் கொஞ்சம் பொறுங்கோ எண்டுட்டு உங்கட கந்தோர்ப் பக்கத்தைத் தட்டிக் கேட்டனான். நீ ஏதும் போட்டிருப்பாய் எண்டு. போன் 'படம்' எண்டு மட்டும் சொல்லிச்சு."
நான் என்ன செய்துபோட்டன்? என்ர மனுசனுக்கே. அவளில இருந்த எரிச்சல்ல -

யூன் 15, ஞாயிறு
பெற்றிசியா பூசை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தாள். நான்தான் கூப்பிட்டேன். பின்னேரம் வரை இருந்து கணக்கை மீட்டுத் தந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். ஏன் போடவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கோபமாவது பட்டிருப்பேன்.

யூன் 16, திங்கள்
காலையில் முதல் வேலையாக அவள் எழுதியதைப் போட்டேன். கீழே அவள் பெயரையும் போட்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்: "பெற்றிசியா எழுதின அறிவித்தல் நாலாம் திகதியே என்ர கையில வந்தது. அவள் எழுதினபடியால் வச்சிருந்தனான்."
அவர் எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார். சாப்பிடவும் இல்லை.

யூன் 17
பேசவில்லை.

யூன் 18, புதன்
பின்னேரம் தானாகக் கூப்பிட்டார். "குழுவில எல்லாரிட்டையும் வாசிக்கிற போன் இல்லை. நீ அந்த அறிவித்தலை உன்ர குரலில வாசி, பதிஞ்சு அனுப்புவம். ஆர் எழுதினது எண்டு முதல்ல சொல்லு."
பக்கத்தில் வந்து இருந்தார். முதல் தரம் பெயரை விட்டுவிட்டு வாசித்தேன். இரண்டாம் தரம் பெயரை முணுமுணுத்தேன்; "கேக்கேல்லை, திருப்பிச் சொல்லு," என்றார்.
மூன்றாம் தரம் பதிந்ததை அனுப்பினோம்.